விழுந்தது ஒரு தடவைதான்

கூடத்தின் நடுவில், எதையும் பிடிக்காமல், கால்களை அகட்டி வைத்து நின்றார் கண்டக்டர். இடது கை கொடியில் போட்ட துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. வலது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஓடுற வண்டியில முப்பது வருசம் கம்பியப் புடிக்காம நின்னவன் தம்பி. வீட்டுக்குள்ளயா எனக்கு நிக்கத் தெரியாது?" என்றார். அவருக்குப் பின்னால் அரை அடி தூரத்தில் அவர் மனைவி இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றுகொண்டிருந்தார். கோச்சடையில் அந்த வீட்டுக்கு நான் போன முதல் நாள் அது. பயந்து பயந்து நிற்கிற நோயாளியைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. இப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கிறவர்தான் என் தூக்கத்தைக் கெடுப்பவர்.

நான் பிசியோதெரபிஸ்ட். பழங்காநத்தத்தில் வீடு. காலையில் ஒரு மருத்துவமனையில் வேலை, மதியத்துக்கு மேல் வீடு வீடாகப் போய்ப் பக்கவாத நோயாளிகளை நடக்கவைக்கும் வேலை. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மனிதர்களின் முகத்துக்கு முன்னால் தரையைப் பார்க்கிறேன். கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது. வாசலில் மிதியடி சுருண்டு கிடந்தால் காலால் நீவிவிட்டுத்தான் உள்ளே போவேன். என் கொழுந்தியாளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன இடத்தில், "மாப்ள, பையனப் பாக்க வந்தீகளா, டைல்ஸ் பாக்க வந்தீகளா?" என்று என் மைத்துனர் எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கினார். சிரித்து வைத்தேன். அந்த வீட்டு மாடிப்படியில் கைப்பிடி இல்லை என்பதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

கண்டக்டருக்கு ஓய்வு பெற்ற சில வருடங்களில் பக்கவாதம் வந்தது. காளவாசலில் ஒரு டீக்கடை முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு, அதனால் இடது கையும் இடது காலும் போயின. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய் நன்றாக இருப்பதால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று வீட்டில் எல்லாரும் நம்பிவிடுவார்கள், நோயாளியும் சேர்ந்து நம்புவார். இந்த வகை அடைப்பில் இன்னொரு சங்கடமும் உண்டு. இடது பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே சிலருக்கு மறந்துபோகும். கண்டக்டர் வலது கன்னத்தை மட்டும் சவரம் செய்துகொண்டு எழுந்துவிடுவார். தட்டில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "பொரியல் வைக்கலயா?" என்று கோபிப்பார். அவர் மனைவி தட்டைப் பாதிச் சுற்று திருப்பி வைப்பார். "அட, இங்கனதான் இருக்கா!" என்று மறுபடியும் சாப்பிட ஆரம்பிப்பார். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு, யாரோ தள்ளிவிட்டார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். முதல் நாளே நான் அவரை அண்ணே என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன், அதனால் அவர் மனைவி எனக்கு மதினி ஆனார்.

முதல் நாள் வேலை, அவர் விழுவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று கணிப்பது. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து மறுபடி உட்கார வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். கண்டக்டர் ரொம்ப வேகமாகச் செய்தார், அதுதான் பிரச்சினை. திரும்பும் இடத்தில் உடம்பு திரும்பிவிட்டது, இடது கால் பழைய இடத்திலேயே நின்றது. நாற்காலி முழங்காலுக்குப் பின்னால் தட்டுகிறதா என்று பார்க்காமல் பொத்தென்று உட்கார்ந்தார். அடுத்தது, நடக்கும்போதே பேச்சுக் கொடுத்துப் பார்ப்பது. "பெரியார் பஸ் ஸ்டாண்டுல இருந்து கோச்சடை வரைக்கும் ஸ்டாப் சொல்லிக்கிட்டே நடங்கண்ணே" என்றேன். உற்சாகமாகிவிட்டார். "பெரியார்... அரசரடி..." என்று சொல்லிக்கொண்டே நான்கு அடி வைத்தவர், "காளவாசல்" என்று சொல்லும்போது அப்படியே நின்றுவிட்டார். இரண்டு காலும் நகரவில்லை. "காளவாசல்ல எப்பவுமே லேட்டுத்தான் தம்பி, டிராபிக்கு" என்றார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் பேசினால் நடை நிற்கிறது என்றால், நடப்பதற்கே அவருடைய மொத்தக் கவனமும் தேவைப்படுகிறது என்று பொருள். நடுவழியில் மிக்ஸி சத்தமோ செல்போன் மணியோ கேட்டால் போதும். தாளில் அதைக் குறித்துக்கொண்டேன்.

கடைசிக் கேள்வி ஒன்று இருந்தது. கடந்த மூன்று மாதங்களில் நோயாளி விழுந்தாரா? மற்ற கேள்விகளையெல்லாம் விட்டாலும் இதை விடக்கூடாது. ஒரு தடவை விழுந்தவர் மறுபடி விழுவது ரொம்பச் சுலபம். நான் தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டேன். "மதினி, இந்த மூணு மாசத்துல அண்ணன் விழுந்தாரா?" மதினி பதறிவிட்டார். "ஐயோ, இல்ல தம்பி. விழுந்தது அந்த ஒரு தடவதான். பெறகு ஒண்ணுமில்ல" என்றார். டீக்கடை முன்னால் சரிந்ததைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "நடுவுல ரெண்டு மூணு தரம் உக்காந்தாரு. அம்புட்டுத்தான்" என்றார். களைப்பாக இருந்தால் யாரும்தான் உட்கார்வார்கள். 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். சாயங்கால நெரிசலுக்கு முன்னால் காளவாசலைத் தாண்டி இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த அவசரத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பத்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, நான் மருத்துவமனையில் இருக்கும்போது மதினியிடமிருந்து போன். "தம்பி, அண்ணன் பாத்ரூம் வாசல்ல உக்காந்துட்டாரு. தலையில ரத்தம் வருது." எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. உட்கார்ந்தவருக்குத் தலையில் ஏன் ரத்தம் வருகிறது? அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். வெளியே வருகிற ரத்தத்தைவிட மண்டைக்குள் கசிகிற ரத்தம்தான் பயம். உடனே கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். ஆட்டோ வந்து சேரும் வரை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஸ்கேன் அறைக் கதவுக்கு வெளியே மதினி முந்தானையில் ரத்தக் கறையோடு நின்றார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். அந்தக் கதவு திறக்க ஆன நேரத்தில் என் மனசுக்குள் அவரை இரண்டு முறை அறுவை சிகிச்சைக்கு அனுப்பி, ஒரு முறை திரும்பி வராமலும் செய்துவிட்டேன். மருத்துவர் வந்து, உள்ளே கசிவு இல்லை, மேலே மூன்று தையல் போதும் என்றார். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்சம் ஆசுவாசமான பிறகு மதினியிடம் கேட்டேன். "இந்த மாதிரி உக்கார்றது இது எத்தனாவது தடவை மதினி?" அவர் யோசிக்கவே இல்லை. "நாலாவது தம்பி. மொதல் நாளே ஒங்ககிட்ட சொன்னேனே."

சொல்லியிருந்தார், மறுக்க முடியாது. "விழுந்தாரான்னு கேட்டதுக்கு இல்லைன்னுட்டீகளே மதினி" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "ஒரு பக்கம் விழுந்துருச்சுன்னுதான தம்பி இந்த நோவையே சொல்லுவாக? திரும்பவும் கையி காலு விழுந்துச்சான்னு கேக்குறீகன்னு நெனச்சேன். கால் இடறிக் கீழ உக்காந்ததப் போயி விழுந்தாருன்னு வாயால சொல்லலாமா? சொல்லி, அது பலிச்சுருச்சுன்னா?" என்றார்.

நான் பிறந்து வளர்ந்த ஊரில், என் தாய்மொழியில், நான் சறுக்கிய இடம் இது. 'அவருக்கு ஒரு பக்கம் விழுந்துருச்சாம்' என்று சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன். பக்கவாதம் வந்த வீட்டில் போய் 'விழுந்தாரா' என்று கேட்டால், நோய் மறுபடியும் வந்ததா என்றுதான் காதில் விழும். தாளில் எழுதியிருந்ததை அப்படியே வாசித்தேனே தவிர, நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இன்று வரை அந்தக் கேள்வியை அப்படிக் கேட்பதில்லை. வழுக்கினாரா, இடறினாரா, கட்டிலிலிருந்து சரிந்தாரா, சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாரா, நீங்கள் கை கொடுத்துத் தூக்கிவிட்டீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். ஒரே கேள்விக்கு இத்தனை கேள்வியா என்று சில வீடுகளில் எரிச்சல்படுகிறார்கள். படட்டும்.

தையல் பிரிப்பதற்குள் அந்த வீடு முழுக்கப் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓசூரில் இருக்கும் மகன் வீடியோ அழைப்பில் வந்து, "அப்பாவ நடக்கவே விடாதீங்கம்மா. சேர்லயே இருக்கட்டும்" என்று உத்தரவு போட்டார். மதினி அதை அப்படியே கேட்டார். இரண்டு வாரத்தில் கண்டக்டரின் தொடை இளைத்துப்போனது. நடக்காமல் வைத்திருந்தால் கால் இன்னும் பலவீனமாகும், அடுத்த தடவை இதைவிட மோசமாக விழுவார், இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு எழுந்திருப்பதே சந்தேகம் என்று மகனிடம் சத்தம் போட்டேன். சத்தம் போட்டேனே ஒழிய, எனக்கும் உள்ளே உதறல்தான். நடக்கவைக்கும்போது பிடிமானத்துக்காக அவர் இடுப்பில் கட்டிவிடும் வாரை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்திருக்கிறேன் போலிருக்கிறது. "தம்பி, நீங்க என்னைய நடக்கவைக்கிறீகளா, தூக்கிட்டுப் போறீகளா?" என்று கேட்டார்.

வீட்டைத்தான் முதலில் திருத்தினோம். மிதியடிகள் பரணுக்குப் போயின. தரையைத் தடவும் வேட்டிக்குப் பதிலாக அரைக்கால் சட்டை வந்தது, அதற்கு இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. இடது பக்கம் அவர் கண் போகட்டும் என்று ஒவ்வொரு கதவு நிலையிலும் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டினேன். குளியலறையில் கம்பி பொருத்தச் சொன்னேன். பிளம்பர் அருமையாகப் பொருத்திவிட்டுப் போனார், உள்ளே போகும்போது வலது கைக்கு வாகாக. வெளியே வரும்போது அதே கம்பி செயலிழந்த இடது கைப் பக்கம் வந்தது. திரும்பக் கூப்பிட்டால், "உள்ள போறதுக்குன்னுதான சார் சொன்னீங்க?" என்றார். எதிர்ச் சுவரிலும் ஒன்று போட்டோம். மதினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், ஒன்றைத் தவிர. வெள்ளிக்கிழமை வீடு கழுவாமல் இருக்க அவரால் முடியாது. தரை காயும் வரை கண்டக்டர் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது என்று சமாதானம் செய்துகொண்டோம்.

இத்தனை செய்தும் ஒன்று மட்டும் வசத்துக்கு வரவில்லை. அவர் யாரிடமும் சொல்லாமல் எழுந்தார். ஒவ்வொரு தடவை விழுந்ததும் அப்படி எழுந்தபோதுதான். "ஊரையே ஏத்தி எறக்குனவன் தம்பி நானு. ஒண்ணுக்குப் போக ஆள் கூப்புடவா?" என்பார். மேசை மணி ஒன்று வாங்கி வைத்தேன், பூஜை அறைக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஆள் ஏறி முடிக்கிறதுக்குள்ள டிரைவர் வண்டிய எடுத்தா என்னண்ணே பண்ணுவீங்க?" முகம் சிவந்துவிட்டது. "எடுத்துருவாரா? டபுள் விசில் கேக்காம சக்கரம் சுத்தக்கூடாது தம்பி." "இங்க மட்டும் விசில் இல்லாம எடுக்குறீங்களேண்ணே" என்றேன். பிறகு மதினியைக் கூப்பிட்டுப் பீரோவில் இருக்கும் தோல் பையை எடுத்துவரச் சொன்னார். அதற்குள் பழைய விசில் இருந்தது. மதினி அதைக் கழுவி, நூல் கோத்து அவர் கழுத்தில் போட்டார்.

அன்றிலிருந்து எழுவதற்கு முன்னால் இரண்டு விசில். மதினி வந்து இடது பக்கம் நின்ற பிறகுதான் வண்டி கிளம்பும். தலை சுற்றினாலோ கால் பின்னினாலோ ஒரு விசில், எல்லாம் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். தெருவே பழகிக்கொண்டது. "டிரைவரம்மா இன்னைக்கு லேட்டு" என்று அவர் கேலி செய்வார், மதினி ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி ஓடி வருவார். வாரங்கள் போயின. அவர் ஒரு தடவைகூட விழவில்லை, நான் இப்போது கேட்கும் எல்லா வார்த்தைகளிலும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். கைத்தடியோடு தெருமுனை வரை போனார். மருத்துவமனையில் இந்த விசில் கதையைப் பெருமையாகச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. ஆனாலும் செல்போனில் அந்த வீட்டு எண் வந்தால் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிடுவேன். எடுத்து, மதினியின் குரல் சாதாரணமாக இருப்பதைக் கேட்ட பிறகுதான் மூச்சு வரும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எண் வந்தது. எடுத்தால் கண்டக்டரின் குரல். அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை. "தம்பி, ஒங்க மதினி விழுந்துட்டா. ஒடனே வாங்க" என்றார்.

காளவாசல் சிக்னலில் நின்ற நேரம் எனக்கு நரகம். போய்ச் சேர்ந்தபோது மதினி கூடத்தில் ஈரத்தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு வளைந்து வீங்கியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா விசிறிக்கொண்டிருந்தார். கூடத்தைச் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தபோது அறைக்குள்ளிருந்து இரண்டு விசில் கேட்டிருக்கிறது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். கண்டக்டர் சத்தம் கேட்டுத் தானே எழுந்து, சுவரைப் பிடித்து அறை வாசல் வரை வந்திருக்கிறார். குனிந்து தூக்க முடியாது. குனிந்தால் அவரும் விழுவார் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. அங்கேயே நின்று, ஆள் வரும் வரை ஒற்றை விசிலை ஊதிக்கொண்டே இருந்திருக்கிறார். "தரை காயலன்னு தெரியும் தம்பி. அவசரமா இருந்துச்சு. ஊதிட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உங்கள் தப்பில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே யாருடைய தப்பு என்று எனக்குத் தெரிந்திருந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு பெண்ணை, ஒரு நாளைக்கு இருபது தடவை, அடுப்படியிலிருந்தும் கொல்லையிலிருந்தும் ஓடிவரும்படி ஏற்பாடு செய்தவன் நான்தான்.

மாவுக்கட்டுப் போட்டு மதினியை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது மதியமாகிவிட்டது. திருமங்கலத்தில் இருக்கும் மகள் வந்து அம்மாவுக்குச் சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் மதினி எதிரில் தரையில் உட்கார்ந்தேன். எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது, இருந்தும் கேட்டேன். "மதினி, இதுக்கு முன்னாடி நீங்க எப்பயாச்சும் வழுக்கி, இடறி, அப்படியே கீழ உக்காந்ததுண்டா?"

மதினி மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூணு தடவ தம்பி. அண்ணனப் பிடிச்சுக் கட்டில்ல உக்காரவச்சப்ப ரெண்டு. கொல்லப்படியில ஒண்ணு."

மகள் கையில் சோற்றோடு நிறுத்திவிட்டாள். "ஏம்மா, சார்தான் வாரத்துக்கு மூணு நாள் வாராருல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

மதினிக்கு என்மேல் கோபம் இல்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. மகளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"என்னைய யாரும் கேக்கலயேடி."